தூக்க மாத்திரை வாங்கப் போன கதை

பாம்பன் பக்கம் எங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூணு தடவ போயிட்டு வந்து எழுதுறேன்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கையில காசு இல்லன்னாலும் நல்லாத் தூங்குனேன். ஜூன்ல போட்டு கடல்ல எறங்குச்சு, திங்கள் புதன் சனி எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போற ராத்திரியெல்லாம் இலங்கை நேவி புடிச்சிட்டாங்கன்னு போன் வந்துருமோன்னு விடிய விடிய ஒக்காந்திருப்பேன், சோறும் எறங்கல. மாமியா ஏர்வாடிக்கு கூட்டிட்டுப் போவோம்னு ஆரம்பிச்சிட்டாங்க. தர்கா மேல நம்பிக்கை உண்டு, ஆனா 2001ல அங்க ஒரு காப்பகத்துல சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிங்க 28 பேரு தீயில செத்தது சின்ன வயசுல கேட்டது, இன்னும் வயித்தக் கலக்கும். அதான் மாத்திரை போதும்னு ஓ.பி. சீட்டு போட்டேன்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிட்டு ஒன்பது கேள்வி கேட்டுச்சு, போன ரெண்டு வாரத்துல எத்தன நாளு தூக்கம் இல்ல, எத்தன நாளு எதுலயும் நாட்டம் இல்லன்னு. கடசியா "செத்துட்டாத் தேவலைனு தோணுச்சா அக்கா"ன்னு நேராவே கேட்டுச்சு பாருங்க, எங்க வீட்ல ஒருத்தரும் கேக்கல, அங்கயே அழுதுட்டேன். அந்தக் கேள்விகளுக்கு 27க்கு 13 மார்க் வந்துச்சு, நடுத்தர அளவு மனச்சோர்வாம். மாத்திரை இப்ப வேணாம், முன்னாடி என்ன செய்வீங்கன்னு கேட்டுச்சு. ஓலைப்பெட்டி முடைவேன்னேன். அப்ப செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் முடைங்க, மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க, நோட்டுல எழுதிட்டு வாங்கன்னுச்சு. கவலைப்படுறதுக்கு சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கணுமாம், சிரிப்பு வந்துருச்சு, ஆனா செஞ்சேன். கோவாவுல டாக்டரே இல்லாம, பயிற்சி எடுத்த சாதாரண ஆளுங்களே சுகாதார நிலையத்துல இப்படிப் பேசிப் பலன் கெடச்சிருக்காம்.

கொற என்னன்னா கதவு கெடையாது, ஒரு துணித் திரைதான். நான் உள்ள அழுகுறேன், வெளிய எங்க தெருக்காரம்மா "அப்படி என்ன கதை பேசுறாங்க"ன்னு கத்துது. மூணாவது தடவ போனப்ப அந்தப் பொண்ணு முகாமுக்குப் போயிருச்சு, இருந்த டாக்டர் நோட்ட தொறக்கவே இல்ல, சத்து மாத்திரை எழுதி ரெண்டு நிமிசத்துல அனுப்பிட்டாரு. எரிச்சலாப் போச்சு.

எங்க சுகாதார நிலையத்துக்கு அஞ்சுக்கு மூணரை மார்க் குடுப்பேன். போறவங்க சுகர், பிரஷர் கூட்டம் கொறஞ்ச பெறகு 11 மணிக்கு மேல போங்க, எந்த டாக்டர் இருக்காங்கன்னு நர்ஸம்மாட்ட கேட்டுட்டு சீட்டு போடுங்க. ராத்திரியில தாங்கலன்னா அரசு மனநல உதவி நம்பரு 14416க்கு அடிங்க, காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

திங்களும் புதனும் இப்ப ரெண்டு மணிக்கு மேல அசந்துர்றேன், சனி இன்னும் வசத்துக்கு வரல. பெட்டி நாலு முடைஞ்சாச்சு, ஒன்ன மாமியாரே கருவாடு போட்டு வைக்க எடுத்துக்கிட்டாங்க.