40 மி.மீ. சதுரக் கண்ணிப் பை: இழுவலைக்கு வாங்கலாமா?

விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவலையில், மீன் சேரும் கடைசிப் பையில் டைமண்ட் கண்ணி (சாய்சதுர வலைக்கண்) இருந்தால், இழுக்க இழுக்க அது நீண்டு மூடிக்கொள்ளும். கரையில் 40 மி.மீ. காட்டிய கண்ணி கடலடியில் கீற்றாகிவிடும். சதுரக் கண்ணியில் இரண்டு பக்கங்கள் இழுப்புத் திசையிலேயே ஓடுவதால் கண் திறந்தே நிற்கும். தும்பிலி, சங்கரா, கிழங்கான் குஞ்சுகள் நீந்தி வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பரிந்துரைப்பதும் இதனால்தான். அந்தக் குஞ்சுகள் நாளைய வரத்து. இன்றைக்கு சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் இரை. சங்காயமாக (விலைபோகாத கழிவு மீனாக) அள்ளித் தீவன ஆலைக்கு அனுப்பினால் இரண்டுமே போச்சு.

பொருள் நல்லதுதான். தைப்பதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள்.

40 மி.மீ. என்பது எதிரெதிர் முடிச்சுகளை இழுத்துப் பிடித்து அளந்த அளவு. சதுரத்தின் ஒரு பக்கம் 20 மி.மீ.தான். பையைத் தைக்கும் வலை முன்பகுதியின் சுற்றில் 40 மி.மீ. டைமண்ட் கண்ணி 100 இருந்தால், பாதி விரிவில், அதாவது ஒவ்வொன்றும் 20 மி.மீ. அகலம் திறந்தால், அது 2 மீட்டர். 20 மி.மீ. பக்கமுள்ள சதுரமும் 100 போதும். கூடுதலாக வைத்தால் பை மடிந்து ஒரு கண்ணை இன்னொன்று அடைத்துவிடும். பாரம் முழுவதும் நீளவாட்டு நூல்களில் விழுவதால் சாதாரண முடிச்சு நழுவும், சதுரம் கோணலாகும். முடிச்சில்லா வலை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பை நெடுக நான்கு கயிறுகளை வலையைவிடச் சற்றுக் குட்டையாகக் கட்டினால் பாரத்தைக் கயிறு தாங்கும். கிழிந்தால் கடலில் உட்கார்ந்து பின்னுவது சிரமம், மாற்றுத் துண்டு படகிலேயே இருக்கட்டும்.

உள்ளே 25 மி.மீ. வலையை இரண்டாவது அடுக்காகப் போடுகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். அடியில் தேய்மானத்துக்குக் கட்டும் வலையும் பெரிய கண்ணியாக, கீழ்ப்பாதிக்கு மட்டும் இருக்க வேண்டும்.

குறைகள் உண்டு. காரல், வவ்வால் போன்ற தட்டை உடல் மீன்களின் குஞ்சுகள் சதுரத்தில் அவ்வளவு எளிதாகத் தப்புவதில்லை. சிறு இறால் நழுவும், அந்த வருமான இழப்பு உண்மையானது. சொறி மீனும் பாசியும் மிகுந்த நாளில் கண் அடைத்துக்கொள்ளும். சேர்ந்த மீனுக்குச் சற்று முன்னால்தான் குஞ்சுகள் தப்புகின்றன, ஆகவே பை நிரம்பும் வரை இழுத்துக்கொண்டே போகாமல் அடிக்கடி தூக்குவது நல்லது.

ஆமையை இது காப்பாற்றாது. அதற்குத் தனிக் கம்பிச் சட்டம் வேண்டும். வலை வாயை விரிக்கும் பலகைகள் உழும் கடலடிக்கும் இதில் பரிகாரம் இல்லை. ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காத்திருந்துவிட்டு, மறுநாளே மூடிய கண்ணியோடு இறங்கினால் அந்தக் காத்திருப்பின் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

5க்கு 4. ஒரு துறைமுகத்தில் ஒரே படகு மாற்றினால் அது விட்ட குஞ்சைப் பக்கத்துப் படகு பிடிக்கும். சங்கத்தில் பேசி, தடைக்கால வலைப்பழுது நாட்களிலேயே எல்லாரும் சேர்ந்து வாங்குங்கள். வாங்கும்போது ஈரத்தில் நனைத்து அளந்து பாருங்கள்.