1800-11-2356: அப்பாக்கள் அழைக்க வேண்டிய எண்

"பையன் ஹான்ஸ் போட்றான், கொஞ்சம் புத்தி சொல்லுங்க சார்" என்று கேட்பதற்காக இந்த எண்ணை அழைத்தால் ஏமாற்றம்தான். புகையிலையை விட நினைப்பவரோடு நேரடியாகப் பேசுவதற்கான சேவை இது. பீடி குடிக்கும் அப்பாவோ, வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பாட்டியோ தானே அழைத்தால் முழுப் பயன் உண்டு. பையனுக்கான வைத்தியமும் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் விடுவதில்தான் தொடங்குகிறது.

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் முறத்தில் கிடக்கும் புகையிலைத் தூள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அது பிழைப்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. "டேய், ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கினு வா" என்பது அப்படியல்ல. எந்த பிராண்டு, என்ன விலை, எந்தப் பெட்டிக்கடையில் கேள்வி கேட்காமல் தருவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நடையிலேயே பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. 18 வயது ஆகாதவரிடம் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 'அப்பாவுக்கு' என்று சொன்னாலும் விலக்கு கிடையாது. மொட்டை மாடிக்குப் போய்க் குடிப்பதும் மறைப்பாகாது, சட்டையில் வாசம் இறங்கி வரும். "டென்ஷன்" என்று சொல்லிப் பற்றவைத்தால் இன்னும் மோசம்: டென்ஷனுக்கு மருந்து எதுவென்று பிள்ளை குறித்துக்கொள்கிறான்.

இனி சேவை. கட்டணம் இல்லை. எண் 2018 முதல் சிகரெட் பெட்டி, பீடிக் கட்டு இரண்டிலும் அச்சாகிறது. தமிழ் அழைப்புகளை எடுப்பது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மையம். நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை; திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு ராத்திரி வைராக்கியம் வந்து மறுநாள் அழைப்பவர்களுக்கு இது ஒரு குறைதான். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமாக, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, முன்பு விட்டுப் பார்த்ததுண்டா என்பதற்கு விடை தயாராக இருக்கட்டும். விடும் நாள் குறித்தபின் அவர்களே திரும்ப அழைப்பார்கள். தெரியாத எண் என்று கட் செய்துவிட்டால் பாதிச் சேவை போச்சு.

புகையிலை ஏக்கத்தைத் தணிக்கும் நிகோடின் சூயிங்கம் நாமே வாங்க வேண்டும். 2 மி.கி. மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்குச் சீட்டு வேண்டும். எழுந்த 30 நிமிடத்துக்குள் பீடி தேடுபவருக்கு 2 மி.கி. போதாமல் போகலாம். சாதாரண சூயிங்கம்போல மென்று தள்ளினால் நிகோடின் வயிற்றுக்குள் இறங்கி விக்கல், நெஞ்செரிச்சல் வரும். காரம் உறைக்கும்வரை மெல்ல மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து துப்பும்வரை டீ, காபி, ஜூஸ் கூடாது; வாய் புளித்தால் நிகோடின் உறிஞ்சாது. மணிக்கொரு டீ குடிக்கும் நம் ஊரில் "கம் வேலை செய்யல" என்பதற்குக் காரணம் அநேகமாக இதுதான். மென்றதைக் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள், குழந்தை வாயில் போட்டால் விஷம்.

ஆலோசனையில் கட்டாயம் கேட்க வேண்டியது எரிச்சலைப் பற்றி. விட்ட முதல் மூன்று நாள் உச்சம், பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அந்த நாட்களில் வீட்டில் கத்தினால், "அப்பா பீடி குடிச்சப்பவே நல்லா இருந்தாரு" என்றுதான் பிள்ளைகளுக்குப் படும். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

பேசக் கூச்சப்படுபவர்கள் 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தியாக வழிகாட்டுதல் வரும். குடி, கஞ்சாவுக்கு இந்த எண் இல்லை, 14446 இருக்கிறது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் போனை நம்பித் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்துக்கோ நேரில் போய்த்தான் நிறுத்த வேண்டும்.