கிரேட்டர் லேக் கூடார பேக்கேஜுக்கு நெல்லையில் பணம் கட்டப் போகிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள்

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க மே மாதப் பள்ளி லீவில் போகிறவர்கள் நம்ம ஊரில் இப்போது நிறைய. அவர்களைக் குறிவைத்து ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் “எரிமலை ஏரிக்கரையில் குடும்பத்தோடு கூடாரம்” என்று விற்கிறார்கள். நான் 1,62,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்.

நாங்கள் எட்டுப் பேர். நானும் வீட்டுக்காரியும், தம்பி குடும்பம் நாலு பேர், போர்ட்லாண்டில் இருக்கும் மகள், மருமகன். மருமகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்றுதான் இங்கேயே பணம் கட்டினேன். ஆரிகன் மாநிலத்து கிரேட்டர் லேக் தேசியப் பூங்காவில் இரண்டு ராத்திரி தங்கல், கூடாரமும் அடுப்பும் அங்கேயே தயாராக இருக்கும், அப்புறம் ஏரியில் படகு, ஏரியைச் சுற்றிக் காரில் ஒரு ரவுண்டு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டு, ஆற்றங்கரையில் பொங்கித் தின்று பழகின குடும்பம் எங்களுடையது, அதனால் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. “மே கடைசியில் குளிர் இருக்குமே” என்று கேட்டேன். “அண்ணாச்சி, அங்க அப்போ கோடைதான், ஒண்ணும் யோசிக்காதீங்க” என்றார் ஆபீஸ்காரர்.

அந்த ஏரிக்கு ஒரு ஆறும் வராது, ஒரு ஆறும் போகாது. சுமார் 7,700 வருஷத்துக்கு முன்னால் மசாமா என்கிற எரிமலை வெடித்து, அடியிலிருந்த குழம்பு காலியானதும் உச்சி உள்ளே சரிந்து உண்டான பள்ளத்தில் மழையும் பனியும் சேர்ந்தே நிறைந்த தண்ணீர் அது. ஆழம் 1,943 அடி. பாபநாசம் அணை நிரம்பினாலே 143 அடிதான் என்று தினமும் பேப்பரில் பார்க்கிற நமக்கு அது எவ்வளவு என்று தெரியும். வருஷத்துக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி கொட்டுகிற இடம். மே கடைசியில் அது உருகி முடிந்திருக்காது என்பதை அந்த ஆபீஸில் ஒருவரும் சொல்லவில்லை.

அவர்கள் கொடுத்த தாளில் வடக்கு வாசல் வழியாகப் போகச் சொல்லியிருந்தது. அந்த வழி பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும், ஜூன் வாக்கில்தான் திறக்கும். மலையைச் சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முகாம் இருக்கும் மசாமா வில்லேஜில் பாதைக்குக் குறுக்கே சங்கிலி, அந்தப் பக்கம் என் இடுப்பளவு பனி. டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்த தம்பி மகன், “பெரியப்பா, நம்ம கூடாரம் எங்க?” என்று கேட்டான். பணியிலிருந்த வனக்காவலர் அம்மா தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பதிவு எண் எங்களுடையதே இல்லை, முகாம் இன்னும் திறக்கவே இல்லை என்று மகளிடம் பொறுமையாகச் சொன்னார். ஏரியைச் சுற்றும் 33 மைல் ரோடு முழுசாகத் திறக்கப் பெரும்பாலும் ஜூலை ஆகுமாம். படகும் அந்த மாதம் ஓடவில்லை.

மேலே ரிம் வில்லேஜ் வரைக்கும் மட்டும் ரோடு இருந்தது. பனித்திட்டின் மேல் ஏறி நின்று பார்த்தோம். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை, தம்பி வீட்டுக்காரி வாயைத் திறக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். கால் மணி நேரத்தில் பிள்ளைகளுக்குக் கை விறைத்துப்போக, இறங்கி கிளாமத் ஃபால்ஸ் ஊரில் ராத்திரி லாட்ஜ் தேடினோம். கடைசியில் அந்தச் செலவு மருமகன் தலையில்தான் விழுந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊருக்கு வந்து கேட்டதற்கு, “இயற்கைக் காரணம், ரீஃபண்ட் கிடையாது” என்றார்கள். பத்து நாள் நடந்த பிறகு 20,000 ரூபாய் மட்டும் கொடுத்தார்கள். பனி இயற்கைதான், சரி. போலி எண் போட்ட தாள் எந்த இயற்கை?

போகிறவர்கள் பூங்காவின் அரசு இணையதளத்தைப் பாருங்கள், எந்த ரோடு திறந்திருக்கிறது, முகாம் எப்போது திறக்கும் என்று அதிலேயே இருக்கிறது, நேரலை கேமராவும் இருக்கிறது, நான் ஒரு தடவை அதைப் பார்த்திருந்தால் பனி கண்ணில் பட்டிருக்கும். கூடார இடம் உங்கள் பெயரில் பதிவாகி, அங்கிருந்தே உங்கள் மெயிலுக்கு உறுதி வந்த பிறகு பணம் கொடுங்கள். படகு என்று யாராவது சொன்னால் கூடுதல் கவனம். தண்ணீருக்கு இறங்க இருக்கும் ஒரே வழியான கிளீட்வுட் கோவ் பாதையைச் சீரமைப்புக்காக 2026-இல் மூடுகிறார்கள், 2029-இல்தான் திறக்கத் திட்டம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம், கட்டின பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். நான் என் மனுவை எழுதிவிட்டேன், திங்கட்கிழமை போடுகிறேன். அதே ஆபீஸில் இந்த மே மாதத்துக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்னால் உங்கள் தாளில் இருக்கும் எண்ணைப் பூங்காவில் கேட்டுச் சரிபார்க்க மகள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறாள்.