பிரான்சைஸ் கடைக்கு எந்தச் சங்கம் துணை?
கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பிரான்சைஸ் கடை (ஒரு நிறுவனத்தின் பெயரையும் வணிக முறையையும் உரிமம் பெற்று நடத்தும் கடை) தொடங்குபவர், ஊர் வணிகர் சங்கத்தையும் நாடலாம், பிரான்சைஸ் துறைக்கென்றே அமைந்த சங்கத்தையும் நாடலாம். கடை வாடகை, உள்ளாட்சி உரிமம், குறுவை, சம்பா அறுவடைப் பணம் புழங்கும் மாதங்களை ஒட்டிச் சரக்கெடுப்பது ஆகியவற்றில் முன்னதற்கு ஈடில்லை.

ஒப்பந்தம் என்று வரும்போது நிலை வேறு. இந்தியாவில் பிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டம் இல்லாமல், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே அடிப்படையாக இருப்பதால், ராயல்டி (அந்த நிறுவனத்துக்குத் தொடர்ந்து செலுத்தும் உரிமத் தொகை), விற்பனை எல்லை, ஒப்பந்த முறிவு பற்றிய விதிகளைக் கையெழுத்துக்கு முன்பே விளக்கக்கூடிய துறைச் சங்கமே, சேமிப்பு முழுவதையும் முதலாக்கும் சிறு வணிகருக்கு முதலில் தேவை என்பது என் உறுதியான கருத்து. ஆயினும், அமெரிக்காவில் 1960இல் தோன்றிய பன்னாட்டு பிரான்சைஸ் சங்கத்தைப் போல, உரிமம் தருவோரும் பெறுவோரும் ஒன்றாக உறுப்பினராகும் அமைப்பு, தகராறு எழுந்தால் யாருக்காகப் பேசும் என்பதைச் சேருமுன் கேட்டறிய வேண்டும்.