காதுக்கு எது, கடிதத்துக்கு எது? வேலை தேடும் வடசென்னைப் பிள்ளைகளுக்காக ஓர் அலசல்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஹெச்.ஆர். போனில் பேசும் இங்கிலீஷ் காதில் ஏறுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால், "ரெஸ்யூமோட ஒரு கவரிங் லெட்டரும் மெயில் பண்ணுங்க" என்கிறார்கள். அங்கே கை நின்றுவிடுகிறது. மாலை நேரத்தில் இந்தப் பிள்ளைகளோடு உட்காருகிறவள் நான். "அக்கா, எந்த கிளாஸ்ல சேரலாம், எந்த ஆப் நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நீ செய்த தப்பை அந்த வழி உனக்கே காட்டுமா? காட்டினால் அது உருப்படியான வழி. காட்டாவிட்டால் எவ்வளவு காசு கட்டினாலும் வீண்.

முதலில் காது. எல்லோரும் சொல்வது, சப்டைட்டிலோடு இங்கிலீஷ் சீரியல் பார் என்று. தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் கண்தான் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். இங்கிலீஷ் சப்டைட்டில் கொஞ்சம் தேவலை. அதிலும் முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை அதைப் போட்டுச் சரிபார்த்தால்தான் பயன். அப்படிப் பார்க்கிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது? கதை ஓடிவிடும், பாடம் நின்றுவிடும். ஆர்வம் குறையாமல் இருக்க இது சரி, பயிற்சி என்று நம்பி உட்காராதீர்கள்.

ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தி இதைவிட மேல். நம் நாட்டு உச்சரிப்பு, நிதானமான வாசிப்பு, செலவில்லை. காலையில் தமிழ்ப் பேப்பரைப் படித்துவிட்டுக் கேட்டால் பாதி விஷயம் முன்பே தெரிந்திருக்கும். தெரியாத வார்த்தையையும் ஊகித்துவிடலாம். ஒரு குறை உண்டு. செய்தியில் யாரும் உங்களைக் கேள்வி கேட்பதில்லை. இன்டர்வியூ முழுக்கக் கேள்வி.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு வேகமே முதல் எதிரி. அவர்களுக்கென்றே பொருந்துகிற ஒன்று, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய மெதுவான ஆங்கில ஒலிபரப்பு. சுமார் 1,500 வார்த்தைகளுக்குள், நிமிஷத்துக்கு ஏறத்தாழ 90 வார்த்தை வேகத்தில் வாசித்தார்கள். சாதாரணப் பேச்சு 150 வார்த்தையைத் தொடும். அந்தப் பழைய பதிவுகளில் ஆரம்பிப்பது நல்லது, அதிலேயே தங்கிவிடுவது நல்லதல்ல. எந்த ஹெச்.ஆரும் அவ்வளவு மெதுவாகப் பேசமாட்டார்.

நான் முதலிடம் கொடுப்பது பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சிக்கு. இரண்டு பேர் உரையாடுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், நடுவே புது வார்த்தைகளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். பேசிய முழு வசனமும் எழுத்தில் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. அந்த எழுத்துப் பிரதிக்காகத்தான் இதைத் தூக்கிப் பிடிக்கிறேன். ஒரு நிமிஷம் மட்டும் கேளுங்கள். நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். பிறகு பிரதியோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். பெரிய வார்த்தைகளில் தப்பு அதிகம் இருக்காது. 'ஒர்க்ட்' என்பது 'ஒர்க்' ஆகியிருக்கும், 'ஐ'வ்' என்பது வெறும் 'ஐ' ஆகியிருக்கும், 'கான்ட்' என்பது 'கேன்' ஆகி அர்த்தமே தலைகீழாகியிருக்கும். இன்டர்வியூவில் "புரியுது, ஆனா சரியா பதில் வரல" என்று சொல்கிற பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்தச் சின்ன ஒலிகளைத்தான்.

இதே டிக்டேஷன் முறை நம் தெருக்களில் வெகுகாலமாக இருக்கிறது. ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் சொல்லித்தரும் இன்ஸ்டிட்யூட்களைத்தான் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ஆங்கிலச் சுருக்கெழுத்து ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 80 வார்த்தை, சீனியருக்கு 120. ஆறு நிமிஷ நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் இது பெரிய உழைப்பு, மாதக்கணக்கில் ஆகும். ஆனால் கேட்டதை விடாமல் எழுதிப் பழகிய காது எங்கே போனாலும் சோடை போகாது. அரசு வேலைக்கும் தயாராகிறவர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதில் சேரலாம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்கள்? அங்கே பெரும்பாலும் தமிழில் இலக்கணம் நடக்கிறது. கேட்கிற பயிற்சி ஆசிரியரின் ஒரே குரலோடு முடிந்துவிடுகிறது. பேச ஒரு துணை கிடைக்கும் என்பதற்காகச் சேர்ந்தால் தப்பில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஒரு மாணவருக்குப் பேச எத்தனை நிமிஷம் கிடைக்கிறது என்று கவனித்தாலே முடிவு தெரிந்துவிடும்.

பிபிஓ வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வெர்சன்ட் போன்ற மெஷின் தேர்வுகளில், கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதற்கு எழுதிப் பார்த்தால் போதாது, கூடவே வாயும் பழக வேண்டும். வெளிநாடு போகத் திட்டமிடும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. கேட்கும் பகுதியில் 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். அதன் ஜெனரல் டிரெயினிங் பிரிவில் குறைந்தது 150 வார்த்தையில் ஒரு கடிதமும் உண்டு. இலவச மாதிரித் தேர்வுகளை மற்றவர்களும் எழுதிப் பார்க்கலாம்.

இனி கடிதம்.

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் போவது டிடிபி கடைக்கு. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் தயாராக இருக்கும், பெயரையும் தேதியையும் மாற்றி பிரின்ட் எடுத்துத் தந்துவிடுவார்கள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, அப்பா பெயர், பிறந்த தேதி என்று போய், 'ஐ ஹியர்பை டிக்ளேர்' என்று முடியும். அதில் உங்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதே தெருவிலிருந்து பத்துப் பேர் அதே கடிதத்தை அதே கம்பெனிக்கு அனுப்பினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? எனக்கு இந்த வழியில் துளியும் உடன்பாடில்லை.

அடுத்தது செல்போனில் ஏ.ஐ. பிழையில்லாத இங்கிலீஷ், நொடியில் கடிதம். 'ப்ரூவன் டிராக் ரெக்கார்ட்' என்று அது எழுதித் தருகிறது. இன்டர்வியூவில் "அதைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. கடிதம் ஒரு ஆளைக் காட்டுகிறது, நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஏ.ஐ.யை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசையை மாற்றுங்கள். நீங்களே எழுதி முடித்த பிறகு, 'என் தப்புகளை மட்டும் காட்டு, திருப்பி எழுதாதே' என்று கேளுங்கள். அப்போது அது நல்ல வாத்தியார்.

கடிதத்தின் அமைப்பைக் கற்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. தேர்வின் இரண்டாம் தாளில் கடிதம் கேட்பார்கள் என்பதால் முகவரி எங்கே, தேதி எங்கே, சப்ஜெக்ட் எங்கே என்பது கைக்கே பழகிவிடும். உள்ளே என்ன எழுதுவது என்பதை மட்டும் அங்கே சொல்லித்தரமாட்டார்கள்.

அதற்கு விளம்பரத்தைத்தான் படிக்க வேண்டும். லிங்கி செட்டித் தெரு ஷிப்பிங் ஆபீஸ் ஒன்று எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷனுக்கு பி.காம். படித்தவர் வேண்டும், எக்ஸல் தெரிய வேண்டும் என்று விளம்பரம் தருகிறது என்று வையுங்கள். முதல் பத்தியில் எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தேன் என்று இரண்டே வரி. இரண்டாம் பத்திதான் உயிர்: அவர்கள் கேட்டதில் உங்களிடம் இருப்பதை ஆதாரத்தோடு சொல்லுங்கள். மாதவரத்தில் ஒரு குடோனில் நான்கு மாதம் கணக்கு பார்த்திருந்தால், 'ஐ மெயின்டெய்ன்ட் த ஸ்டாக் ரிஜிஸ்டர் இன் எக்ஸல் ஃபார் ஃபோர் மந்த்ஸ்' என்று எழுதுங்கள். 'ஹார்ட் ஒர்க்கிங்', 'டைனமிக்' என்று எழுதுவதைவிட இந்த ஒரு வரி பேசும். மூன்றாம் பத்தியில் எப்போது சேர முடியும் என்பது. 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

எழுதியதைச் சத்தமாகப் படித்து செல்போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். ஹெச்.ஆர். கேட்கப்போவது அந்தக் கடிதத்திலிருந்துதான், காதும் கடிதமும் அங்கே ஒரே பயிற்சியாகிவிடும். வீட்டில் சத்தம் என்றால் உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, எழும்பூரில் 1896 முதல் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. எழுதவும் ஹெட்போனில் கேட்கவும் அங்கே போகலாம், ரெக்கார்டிங்குக்கு மட்டும் மொட்டை மாடி.

அனுப்பும்போது கடிதத்தையும் ரெஸ்யூமையும் பி.டி.எஃப். ஆக்கி, ஃபைலுக்கு உங்கள் பெயரையே வையுங்கள். மெயிலின் சப்ஜெக்ட் வரியில் வேலையின் பெயர் இருக்கட்டும். செல் நம்பரை இன்னொருவரை விட்டு ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த சில நாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலும் எடுங்கள்.