முன்கதைச் சுருக்கம் இல்லாத பெருந்தொடர்கள்: ஒரு வாசக அனுபவம்

மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களின் பக்கம் புதிதாக வரவிருக்கும் நண்பர் ஒருவர், முடிந்துபோன தொடரில் தொடங்குவதா, இன்னும் வெளிவந்துகொண்டிருக்கும் தொடரில் தொடங்குவதா என்று கேட்டார். எந்தத் தொடரில் எத்தனை பாகங்கள், எந்த உலகில் எந்த விதமான மந்திரம் என்பதையெல்லாம் அவரே தேடிப் படித்துவிட்டார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது, இத்தகைய நூல்களோடு ஆண்டுக்கணக்கில் பழகுவது எப்படி இருக்கிறது என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுத உட்கார்ந்தால், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரே ஒரு குறை முன்னால் வந்து நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெருந்தொடர்களின் அடுத்த பாகம் வெளிவரும்போது, அதுவரை நடந்த கதையைச் சொல்லும் நான்கு பக்கங்கள் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய புத்தகத்தைத் திறந்தால் முன்னால் அழகான வரைபடம் இருக்கிறது. பின்னால் சொற்பட்டியலோ குலப்பட்டியலோ இருக்கிறது. நடுவில் ஆயிரம் பக்கக் கதை இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெயர் வருகிறது. அவன் யாருடைய மகன், யாருக்கு வாக்குக் கொடுத்தவன், சென்ற பாகத்தின் இறுதியில் எந்தக் கோட்டையில் யாருக்கு எதிராக நின்றான் என்பதெல்லாம் வாசகருக்கு நினைவிருக்கும் என்று நூல் நம்பிக்கொண்டு நடக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் பின்னிணைப்பில் ஒவ்வொரு குலத்தின் உறுப்பினர்களும் பணியாளர்களும் வரிசையாகத் தரப்பட்டிருக்கிறார்கள். மிகுந்த உழைப்பில் உருவான பட்டியல் அது. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' நூல்களின் இறுதியில் வரும் சொல்விளக்கமும் அத்தகையதே. ஆயினும் பட்டியல் ஒருவர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லாது.

நீண்ட இடைவெளியில் உண்மையில் மறந்துபோவது எது என்பதைப் பதிப்பாளர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. பெரிய சம்பவங்கள் மறப்பதில்லை. ஒரு மன்னன் கொல்லப்பட்டதும், ஒரு நகரம் எரிந்ததும், நட்பு முறிந்த அந்த உரையாடலும் பத்தாண்டு கழித்தும் நினைவில் நிற்கும். மறந்துபோவது, எந்த ரகசியம் யாருக்குத் தெரியும் என்பது. ஒவ்வொரு அத்தியாயமும் வேறொருவரின் பார்வையில் நகரும் நாவல்களில் கதையின் விசை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது: வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது, ஒரு பாத்திரத்துக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. இருவர் ஒரே அறையில் சந்தித்துச் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் காட்சியில் வாசகருக்கு நெஞ்சு படபடக்க வேண்டுமானால், அந்த இருவரில் யார் எதை மறைக்கிறார் என்பது நினைவில் இருக்க வேண்டும். அது மறந்துவிட்டால் காட்சி வெறும் விசாரிப்பாகிவிடுகிறது. எழுத்தாளர் ஆண்டுக்கணக்கில் கட்டிய பதற்றம் இப்படி வீணாவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இது செய்ய முடியாத காரியம் அல்ல. நம் வாரப் பத்திரிகைகள் ஏழு நாள் இடைவெளிக்கே முன்கதைச் சுருக்கம் போட்டு வாசகரைக் கைபிடித்து அழைத்துச் சென்றன. இந்த வகை நாவல்களுக்கெல்லாம் முன்னோடியான டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரே நாவலாக எழுதப்பட்டு, போருக்குப் பிந்தைய காகித விலை உள்ளிட்ட காரணங்களால் மூன்று நூல்களாகப் பிரிக்கப்பட்டது. முதல் நூல் 1954 ஜூலையிலும் இரண்டாவது நவம்பரிலும் வெளியாயின. மூன்றாவதற்கு 1955 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் இடைவெளி நான்கு மாதம்கூட இல்லை. அப்படியிருந்தும் இரண்டாம் நூலும் மூன்றாம் நூலும் முந்தைய கதையின் சுருக்கத்தோடுதான் தொடங்கின. டாட் வில்லியம்ஸின் 'மெமரி, சாரோ அண்ட் தார்ன்' தொடரில் 1990இல் வந்த இரண்டாம் நூல், 1988இல் வந்த முதல் நூலின் கதையை முறையாகச் சுருக்கிச் சொல்லிவிட்டே நகர்கிறது. அந்தச் சில பக்கங்களைப் படித்தபோது, இந்த எழுத்தாளர் என்னை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. அந்த மரியாதை மற்ற தொடர்களிலும் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சுருக்கம் எழுதுவது என்றால் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்ப்பளிப்பது. முதல் பாகத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு கத்தியோ ஒரு பாட்டோ ஐந்தாம் பாகத்தில் கதையைத் திருப்பப் போகிறது என்றால், சுருக்கத்தில் அதைக் குறிப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். குறிப்பிடாவிட்டால் சுருக்கத்தை நம்பியவர் ஏமாறுவார். மார்ட்டினின் தொடரில் ஜான் ஸ்னோ என்ற பாத்திரத்தின் பெற்றோர் யார் என்பதை 1996இல் வந்த அதன் முதல் நூலில் சிதறிக் கிடந்த குறிப்புகளைக் கோத்தே வாசகர்கள் ஊகித்தார்கள். நல்ல சுருக்கம் ஒன்று அந்தக் குறிப்புகளில் எதையும் தொட்டிருக்காது. மீண்டும் முழுமையாகப் படித்தவர்களுக்கே அந்த மகிழ்ச்சி கிடைத்தது.

மீள்வாசிப்பைப் பற்றி நான் குறைத்துச் சொல்ல முடியாது. இந்தத் தொடர்கள் எனக்குத் தந்தவற்றிலேயே மிக உயர்ந்தது அதுதான். முதல் முறை படிக்கும்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டாம் முறை நாம் நின்று பார்க்கிறோம். முன்பு கோபக்காரராக மட்டும் தெரிந்த ஒரு கிழவர், அவருடைய முடிவு தெரிந்த பிறகு அச்சத்தில் பேசுபவராகத் தெரிகிறார். ஜோர்டனின் ஒவ்வொரு நூலிலும் முதல் அத்தியாயம் ஏதோ ஒரு நிலப்பரப்பில் கிளம்பும் காற்றோடு தொடங்கி, அந்தக் காற்று வழியாகவே கதைமாந்தரிடம் வந்து சேர்கிறது. நூல்களை ஆண்டுக்கணக்கான இடைவெளியில் படித்தபோது இதை ஓர் அலங்காரம் என்றே எண்ணிக் கடந்துவிட்டேன். அடுத்தடுத்து எடுத்துப் படித்தபோதுதான், வளமான நிலத்தில் தொடங்கும் காற்று பாகத்துக்குப் பாகம் வாடிய நிலங்களின் மீது வீசுவதும், உலகம் நலிந்துகொண்டு வருவதை அந்த ஒரு பத்தியே சொல்லிவிடுவதும் புலப்பட்டன.

அந்தத் தொடர் முடிந்த விதமும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1990இல் முதல் நூல் வந்தது. 2007இல் ஜோர்டன் காலமானபோது இறுதி நூல் முடிந்திருக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு, அவருடைய மனைவியும் நூல்களின் தொகுப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் எழுத, ஒரு நூலாகத் திட்டமிடப்பட்ட முடிவு மூன்று நூல்களாக விரிந்து 2013இல் நிறைவடைந்தது. சாண்டர்சனின் கையில் மேட் என்ற பாத்திரத்தின் பேச்சு தொடக்கத்தில் சற்று மாறிப்போனது உண்மை; அதைக் கேட்டதும் காது உறுத்தியது. ஆனால் கடைசி நூலில் இறுதிப் போரைச் சொல்லும் ஒரே அத்தியாயம் இருநூறு பக்கத்தை நெருங்குகிறது. முந்தைய நூல்கள் அனைத்தையும் அப்போதுதான் மறுபடி முடித்திருந்ததால், அதில் வரும் ஒவ்வொரு பெயரும் எனக்கு முகத்தோடு வந்தது. களத்தில் விழுந்த ஒவ்வொருவருக்காகவும் துக்கப்பட முடிந்தது. வேறு எந்த வடிவமும் எனக்கு இதைத் தந்ததில்லை.

ஆனால் விரும்பிச் செய்யும் மீள்வாசிப்பு வேறு, வேறு வழியின்றிச் செய்யும் மீள்வாசிப்பு வேறு. ஜோர்டனின் தொடர் மட்டுமே நாற்பது லட்சம் சொற்களுக்கு மேற்பட்டது. மார்ட்டினின் ஐந்து நூல்களும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும். ஒரு புதிய நூலைப் படிக்க இத்தனை பக்கங்களை நுழைவுக் கட்டணமாகக் கேட்பது, வேலையும் குடும்பமும் உள்ள மனிதரிடம் கேட்கத் தக்கதல்ல. மாற்று வழி என்று எல்லோரும் கைகாட்டுவது ரசிகர்கள் தொகுத்த விக்கிப் பக்கங்களை. அவை எவ்வளவு உழைப்பில் உருவானவை என்பது தெரியும், அவர்களுக்கு நன்றியும் உண்டு. எனினும் மூன்றாம் பாகத்தில் நின்றுகொண்டு ஒருவரின் தந்தை பெயரைத் தேடப் போனால், முதல் வரியிலேயே அவர் எந்தப் பாகத்தில் யாரால் கொல்லப்பட்டார் என்பது எழுதியிருக்கிறது. நான் மிகவும் நேசித்த ஒரு பாத்திரத்தின் மரணத்தை இப்படித்தான் அறிந்தேன். அந்தக் காட்சியை அதன் பின்னர் நூலில் படித்தபோது, அதிர்ச்சி வர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே தெரிந்த செய்திதான் இருந்தது.

காத்திருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ட்டினின் மூன்றாம் நூல் 2000இல் வந்தது. நான்காவது நூல் அளவு மீறிப் பெருகியதால், காலவரிசைப்படி பாதியாக வெட்டாமல் கதைமாந்தரையும் நிலப்பகுதியையும் வைத்து இரண்டாகப் பிரித்தார். ஆகவே 2005இல் வந்த நூலில் டிரியன், ஜான், டெனெரிஸ் ஆகிய முக்கியப் பாத்திரங்களின் பார்வையில் நகரும் அத்தியாயங்கள் இல்லை. மறுபாதி அடுத்த ஆண்டே வந்துவிடும் என்ற நம்பிக்கையை அந்த நூலின் இறுதிக் குறிப்பில் அவரே எழுதியிருந்தார், வந்தது 2011இல். டிரியனின் கதையில் உயிரை வைத்திருந்தவர்கள் அவர் அடுத்து என்ன ஆனார் என்பதை அறியப் பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஆறாவது நூல் இன்னும் வரவில்லை. இதில் எழுத்தாளர் மீது எனக்குக் குறையில்லை. நாவல் எழுதுவது நாள் குறித்து முடிக்கும் வேலை அல்ல. வாங்கிய நூலுக்குரிய பயனை அந்த நூலிலேயே அவர் முழுமையாகத் தந்துவிட்டார். ஆனால் ஆறு ஆண்டுகள் தாமதமான ஒரு நூலின் முன்னால் நான்கு பக்கங்களைச் சேர்க்க எவருக்கும் நேரம் இருந்திருக்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது என் பழக்கம் இது: ஒரு பாகத்தை முடித்த இரவே, உறங்குவதற்கு முன், யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள், எந்த ரகசியம் யார் யாருக்குத் தெரியும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, புத்தகத்தின் பின்னட்டைக்குள் வைத்துவிடுகிறேன். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் மூன்றாவது பட்டியல் பாதியாகிவிடும். அடுத்த பாகம் வரும்போது அந்தத் தாளையும் சென்ற நூலின் கடைசி ஐந்து அத்தியாயங்களையும் படித்தால் போதுமானதாக இருக்கிறது. தொடர் நூல்களை வாசிக்கும் எவருக்கும் இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அர்சுலா லெ குவினின் எர்த்சீ நூல்களுக்கு மட்டும் இந்தத் தாள் தேவைப்பட்டதே இல்லை. 1972இல் வந்த மூன்றாவதற்கும் 1990இல் வந்த நான்காவதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் இருந்தும், ஒவ்வொரு நூலும் தன் கதையைத் தானே முடித்துக்கொண்டு நிற்கிறது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எந்தத் தொடர் உயர்ந்தது என்று கேட்டால், முடியாமல் நிற்கும் மார்ட்டினின் தொடரைத்தான் தயக்கமின்றிச் சொல்வேன். மனிதர்களை அவ்வளவு நெருக்கமாக அறிந்து எழுதிய வேறொரு மிகுபுனைவை நான் படித்ததில்லை. இருந்தும் நண்பர் அதில் தொடங்க வேண்டாம். முடியாத எந்தத் தொடரிலும் தொடங்க வேண்டாம். 1993இலேயே முடிந்துவிட்டதும், முன்கதையை மறக்காமல் சொல்வதுமான டாட் வில்லியம்ஸின் தொடரை முதலில் எடுக்கட்டும். முதல் நூலின் தொடக்க இருநூறு பக்கங்கள் மெதுவாகவே நகரும், அதைப் பொறுத்துக்கொள்ளட்டும். மார்ட்டினின் ஆறாவது நூல் வெளிவந்து, அதன் முன்னால் நான்கு பக்கச் சுருக்கமும் இருந்தால், இந்தப் பரிந்துரையை நானே மாற்றி எழுதி நண்பருக்கு அனுப்புகிறேன்.