4.4 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 4.1-க்கு இறங்கினேன்: ரைசன் 7 5700எக்ஸ்3டி, நீண்ட நாள் அனுபவம்

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் நான் செய்தது நஷ்ட வியாபாரம். என்னிடம் இருந்த ஏஎம்டி பிராசஸர் ரைசன் 5 5600-இன் உச்ச வேகம் 4.4 ஜிகாஹெர்ட்ஸ். அதைக் கழற்றிவிட்டு நான் போட்ட 5700எக்ஸ்3டி 4.1-ஐத் தாண்டாது. இரண்டும் ஒரே ஜென் 3 கட்டமைப்பு (உள் வடிவமைப்பின் தலைமுறை), போர்டில் பொருந்தும் இடமும் ஒரே ஏஎம்4 சாக்கெட். பழைய பி450 மதர்போர்டு, ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு எதையும் மாற்றவில்லை. ஒரு மும்பை கோடையும் ஒரு மழைக்காலமும் இதிலேயே விளையாடிக் கழிந்துவிட்டன. சில கேம்கள் முன்பைவிட மிகச் சீராக ஓடுகின்றன. சிலவற்றில் துளி மாற்றமும் இல்லை.

மும்பையின் கணினிச் சந்தையான லேமிங்டன் ரோடில் பிராசஸர் வாங்கப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமாயிருக்கும். கிரான்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்து கடைக்குள் நுழைந்தால், முதலில் "பஜட் கித்னா?" (பட்ஜெட் எவ்வளவு?) அடுத்த மூச்சிலேயே "ஆட் கோர் லே லோ, ஆகே டென்ஷன் நஹி." (எட்டு கோர் எடுத்துக்கொள், பிறகு கவலையில்லை.) கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையும் ஜிகாஹெர்ட்ஸும் விற்பதற்கு வசதியான எண்கள்; கூடினால் நல்லது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் 2012-இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350-ஐ நினைத்துப் பாருங்கள். எட்டு கோர், 4 ஜிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டு வந்த இன்டெல் கோர் ஐ5-3570கே-யில் நாலே கோர், அடிப்படை வேகம் 3.4. கேமிங்கில் பெரும்பாலும் ஜெயித்தது அந்த நாலு கோர்தான். எஃப்எக்ஸ் வகையில் இரண்டிரண்டு கோர்கள் சில உறுப்புகளைப் பங்குபோட்டுக்கொண்டதால், இதை எட்டு கோர் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2019-இல் ஏஎம்டி 1.21 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசமாகப் போனது.

ஜிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்பு என்ற கணக்கு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது கட்டமைப்புக்குக் கட்டமைப்பு மாறும். அதனால் வெவ்வேறு தலைமுறைகளின் ஜிகாஹெர்ட்ஸை அருகருகே வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒரே தலைமுறைக்குள்ளாவது பார்க்கலாமே என்றால், என் மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது அதற்கும் எதிர்சாட்சி.

கேம் ஓடும்போது நடப்பது இதுதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒரு ஃபிரேமை (திரையில் வரும் ஒரு படத்தை) தயார்செய்ய 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மட்டுமே. அந்த நேரத்துக்குள் பிராசஸர் எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, திரையில் எதையெல்லாம் வரையவேண்டும் என்று தீர்மானித்து கிராஃபிக்ஸ் கார்டிடம் கொடுத்தாக வேண்டும். இதில் பெரும்பகுதி மெயின் திரெட் என்ற ஒற்றை வரிசையில் நடக்கிறது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் தாலி கட்டுவது ஒருவர்தான், கோரும் அப்படித்தான். அந்த ஒரு கோர், தனக்கு வேண்டிய தரவு கேஷில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகத்தில்) இல்லையென்றால் ராமுக்குப் போகவேண்டும். அது கேஷின் பெரிய பகுதியான எல்3-ஐவிடப் பல மடங்கு தாமதம். காத்திருக்கும் கோர் 4.4-இல் காத்திருந்தால் என்ன, 4.1-இல் காத்திருந்தால் என்ன? 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. 5700எக்ஸ்3டியில் கோர்கள் இருக்கும் சில்லின் தலைமேல் இன்னொரு அடுக்கை ஒட்டி 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான்.

இதை நான் முதலில் உணர்ந்தது கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) ஏறியதைவிட, புகை குண்டு வீசி நாலு பேர் ஒரே இடத்தில் சுட்டுக்கொள்ளும் நேரத்தில் வரும் அந்தத் திக்கல் குறைந்ததுதான் பெரிய லாபம். சராசரியை மட்டும் காட்டும் ஒப்பீட்டு வீடியோக்களை நம்பாதீர்கள்; 1 சதவீதத் தாழ்வை, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தைப் பாருங்கள், கை உணர்வது அதைத்தான். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைப் போட்டால், எதனால் தடைபடுகிறது என்று அதுவே எழுதிக் காட்டும். 5600 இருந்தபோது பெரிய நகரங்களின் மேல் தாழப் பறந்தாலே மெயின் திரெட் என்று சிவப்பில் நிற்கும். இப்போது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் குற்றம் சொல்கிறது. ஃபாக்டோரியோவில் தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக வரும் மந்தமும் குறைந்தது.

சைபர்பங்க் 2077-இல் ரே டிரேசிங்கோடு (ஒளியைத் தத்ரூபமாகக் கணக்கிடும் வசதி) விளையாடினால் மாற்றம் பூஜ்யம். 3060 முன்பும் 99 சதவீதத்தில் மூச்சு வாங்கியது, இன்றும் வாங்குகிறது. வேலரண்டில் 5600-ஏ என் 144 ஹெர்ட்ஸைத் தாண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது, அதற்கு மேல் கண்ணுக்கு வேலை இல்லை.

உங்கள் கணினியில் தடை எங்கே என்று கண்டுபிடிக்க டாஸ்க் மேனேஜரை நம்பவேண்டாம். 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசஸரில் ஒரு திரெட் முழுக்க மூச்சடைத்துக் கிடந்தாலும், மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம் சொச்சம்தான். "பிராசஸர் 40 சதவீதம்தானே ஓடுது" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் தடை. அசையாமல் நின்றால் பிராசஸர்.

சரி, ஆறா எட்டா? என் மாற்றத்தில் இரண்டு கோர் கூடவே வந்தது. லாபம் அதனால்தானோ என்று கேட்கலாம். 5700எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது: அதே எட்டு கோர், 4.6 ஜிகாஹெர்ட்ஸ், ஆனால் 32 எம்பி கேஷ். பொதுவாக கேமிங் சோதனைகளில் 5700எக்ஸ்3டிதான் அதை முந்துகிறது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 போல நிறைய கோர்களைத் தின்னும் கேம்கள் உண்டு, 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-லேயே எட்டு கோர்தான். ஆனாலும் கேமிங்குக்கு மட்டும் என்றால் இன்றைக்கும் 6 கோர், 12 திரெட் தாராளம் என்பது என் கருத்து. நாலுக்குப் போகவேண்டாம். இன்டெல் வாங்குபவர்கள் மொத்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம்: ஐ5-13600கே-யின் 14 கோரில் கேமைச் சுமக்கும் பெரிய கோர் 6, மீதி 8 சின்னவை.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மும்பைக்காரன் எழுதியதாக ஆகாது. கேஷ் அடுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் கோரின் சூடு எளிதில் வெளியேறாது. இதற்கு 90 டிகிரி வரம்பு. பெட்டியில் கூலரும் வராது, தனியாக வாங்கவேண்டும். செம்பூரில் எங்கள் வீட்டில் அந்த அறைக்கு ஏசி இல்லை. மே மாதப் பிற்பகலில் நல்ல டவர் கூலர் இருந்தும் எண்பதைத் தொட்டு நின்றது. எதிரே பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள். ஃபில்டரில் சிமென்ட் தூசி படிந்தால் இன்னும் ஏறும், துடைத்தால் இறங்கும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோருக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று வியர்வையோடு நினைத்துக்கொள்வேன்.

பிடிக்காதவையும் உண்டு. ஓவர்கிளாக் செய்ய, அதாவது வேகத்தை நாமே ஏற்ற, விடாது. வீடியோ எக்ஸ்போர்ட்டில் இந்தப் பெரிய கேஷ் அவ்வளவாக உதவாது, அந்த வேலைதான் முக்கியம் என்றால் 5700எக்ஸ் நல்லது. இப்போது புதிதாகக் கிடைப்பதும் குறைந்துவிட்டது, பழையது வாங்கினால் பின்கள் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மாற்றும்போது பழைய பிராசஸர் இருக்கும்போதே பயோஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட வேண்டும். அப்புறம், கொஞ்ச நேரம் கேம் ஓடவிட்டு, தெர்மல் பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, கூலரை லேசாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ஏஎம்4-இல் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

மாடி வீட்டுத் தம்பி போன வாரம் "அண்ணா, நானும் 3டி போடட்டுமா?" என்று கேட்டான். அவனிடம் இருப்பது 5600, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஒற்றை ஸ்லாட்டில் ஒரே ஒரு ராம். பிராசஸரைத் தொடாதே, இன்னொரு ராம் வாங்கி டூயல் சேனல் (இரண்டும் சேர்ந்து ஓடும்படி) ஆக்கு, பயோஸில் ராமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய், மிச்சக் காசை மானிட்டருக்குச் சேர்த்து வை என்றேன். முகம் வாடிப் போனான். ராம் மட்டும் வாங்கியிருக்கிறான்.